‘புல்புல்’ படகின் மேக்னெட்டோவைக் கழற்றிய கதை

சத்துவாச்சாரியில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே இரண்டு பேர் கூட்டாக மோட்டார் சைக்கிள் ஷாப் வைத்திருக்கிறார்கள். நல்ல வேலைக்காரர்கள், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. போன வாரம் ஒரு பழைய வண்டியைப் பிரித்துப் போட்டவர்கள், அதிலிருந்த, பொறிக்காகத் திறந்து மூடுகிற பாயிண்ட் செட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, “இந்தக் கருமத்தை வெச்சுக்கினு எப்படி சார் காலம் தள்ளினீங்க? இப்போ ஒரு சின்னப் பெட்டி, மாட்டினா முடிஞ்சுது” என்று சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கருமமாம்! அந்தக் கருமத்தை வைத்துத்தான் நான் காவேரிப்பாக்கம் ஏரியில் ஒரு படகைப் பறக்கவிட்டேன். வேலையை நிறுத்தச் சொல்லி அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் வண்டி எடுக்க வந்தவர்களும் சுற்றி நின்றுவிட்டார்கள். “எழுதிக் குடுங்க சார்” என்று அவர்களே கேட்டார்கள். எழுதுகிறேன். பெருமை அடித்துக்கொள்கிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமைதான்.

ஆம்பூரில் ரஹீம் சாயபுவின் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். முடி உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். நாளெல்லாம் தொட்டியில் இறங்கி, கனத்த ஈரத்தோலைப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். அப்பாவின் விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். சோற்றில் காரம் பட்டால் கையை உதறுவார். நானும் மீசை முளைக்கும் முன்பே அந்தத் தொட்டியில் இறங்கியவன்தான். ஒரு நாள் தோல் பதப்படுத்துகிற டிரம்மைச் சுற்றும் மோட்டார் புகைந்தது. எல்லோரும் வெளியே ஓட, நான் மட்டும் உள்ளே ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தேன். “பயப்படாத பய, இங்க இருக்கட்டும்” என்று வொர்க்ஷாப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது, வயரிங், பாட்டரி, டைனமோ எல்லாம் திட்டு வாங்கி வாங்கிக் கற்றேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாத் தொழிலாளியும் வாங்கிய திட்டுத்தான்.

எங்கள் போர்மேன் சாமுவேலைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கி உடுப்பு. கத்தவே மாட்டார். அவர் “டேய், வாடா, போடா” என்று கூப்பிட்டால் நம் வேலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். “வாங்க ஏழுமலை, உட்காருங்க” என்று மரியாதை கொடுத்தாரோ, எங்கேயோ தப்பு விட்டிருக்கிறோம். ஒருவனை அவர் “ஐயா” என்று அழைத்து, அவன் மறுநாள் வேலைக்கே வராமல் போன கதையும் உண்டு. எஞ்சின் மக்கர் செய்தால் ஒரே நேரத்தில் இரண்டு சாமானை மாற்ற விடமாட்டார். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அது இல்லையென்றால் பழையதையே திரும்ப மாட்டு, பிறகு அடுத்தது. “ரெண்டையும் மாத்திட்டா எது குத்தம்னு உனக்கு எவன் சொல்லுவான், உங்க மாமனா?” என்பார்.

சாயபுவுக்குப் படகுப் பைத்தியம். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, மதராஸில் ஒரு வேகப் படகை எடுத்து வந்தார். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டு கார்பரேட்டர். ‘புல்புல்’ என்று பெயர் வைத்தார். பாலாற்றில் மணலைத் தவிர என்ன ஓடும்? மழைக்காலம் முடிந்து காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பியிருக்கும் நாட்களில் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். வாலாஜா பக்கத்தில் தோல் ஷாப் வைத்திருந்த இன்னொரு முதலாளியும் படகு வாங்கிவிட்டார். அவ்வளவுதான், வருஷா வருஷம் போட்டி. தோற்றவர் ஜெயித்தவரின் ஷாப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் பிரியாணி போட வேண்டும் என்பது பேச்சு. தொடர்ந்து எங்கள் முதலாளிதான் போட்டுக்கொண்டிருந்தார்.

காரணம் மேக்னெட்டோ. பிளக்குக்குப் பொறி கொடுக்கிற சாமான் அது. பாட்டரி வேண்டாம், எஞ்சின் சுற்றும்போது தானே கரண்ட் உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் மெதுவாகச் சுற்றினால் பொறியும் மெலிந்து போகும். போட்டியில் இரண்டு படகும் எஞ்சினை நிறுத்திக் கரையோரம் நிற்க வேண்டும், துண்டை ஆட்டியதும் கிளப்ப வேண்டும். எங்கள் சாயபு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வியர்த்துப் போவதற்குள் வாலாஜாக்காரர் நடு ஏரியில் இருப்பார். கிளம்பிய பிறகும் நிம்மதி இல்லை. வேகம் கூடக்கூட பொறி கொஞ்சம் முன்னதாக விழ வேண்டும். மேக்னெட்டோவில் அதற்கு ஒரு நெம்புகோல் இருக்கும். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் நெம்புகோல். சாயபு எதையாவது ஒன்றை மறந்துவிடுவார்.

“இதைத் தூக்கிப் போட்டுட்டு லாரியில இருக்கிற மாதிரி பாட்டரி, காயில், டிஸ்ட்ரிபியூட்டர் வெச்சுடலாம் சார். பட்டன் அழுத்தினா கிளம்பும். பொறி முன்னே பின்னே போறதை அதுவே பாத்துக்கும்” என்று நான் சொன்னேன். சாமுவேல் சார் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“செய்வியாடா?”

“செய்றேன் சார்.”

“அப்போ மொதலாளிகிட்ட நீயே சொல்லு.”

சொன்னேன். சாயபு தாடியைத் தடவிக்கொண்டு, “இன்னாப்பா, தண்ணி மேல கரண்ட்டா?” என்றார். பிறகு சரி என்றார்.

மேக்னெட்டோ சுற்றுகிற வேகம் வேறு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேண்டிய வேகம் வேறு. நடுவில் வைக்க வேண்டிய பல்சக்கரத்தை சாமுவேல் சாரே வெட்டினார். உடைந்த லாரி ஒன்றிலிருந்து பொறியை உண்டாக்குகிற காயில், அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு போட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர், டைனமோ எடுத்தோம். பொறி விழும் நேரத்தை வைத்த விதத்தைச் சொல்கிறேன், கீழே ஷாப் வைத்திருக்கிறவர்கள் கவனிக்கட்டும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுவார். காற்று விரலைத் தள்ளினால் பிஸ்டன் மேலே வருகிறது. ஃபிளைவீல் சக்கரத்தில் இருக்கும் கோடு குறிக்கு நேரே வந்ததும் நிறுத்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இரண்டுக்கும் நடுவில் சிகரெட் சுற்றுகிற காகிதத்தைச் சொருகி, லேசாக இழுத்தபடியே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப வேண்டும். காகிதம் எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே பாயிண்ட் திறக்கிறது, அங்கேதான் பொறி. சாமுவேல் சார் பீடிகூடத் தொடாதவர். ஆனால் இதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் சிகரெட் காகிதம் இருக்கும். சர்ச்சில் அவரைப் பற்றி ஏதேதோ பேசிக்கொண்டார்கள், பாவம்.

அப்புறம் கார்பரேட்டர். பொறி பலமானதால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைப் புதிதாக வைக்க வேண்டியிருந்தது. ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, இரண்டு கார்பரேட்டரும் ஒரே மாதிரி உஸ்ஸென்று மூச்சு விடும்வரை திருகினேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஆவாரம்பட்டையில் பதப்பட்ட ஆட்டுத்தோலின் இளம்பழுப்பு நிறம். அதைவிட நல்ல நிறம் ஒரு பிளக்குக்கு இல்லை. ஷாப் முற்றத்தில் படகைத் தாங்குகட்டை மேல் வைத்து, எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கிணற்று மோட்டாரிலிருந்து தண்ணீர் விட்டு ஓட்டினோம். ஒரே அழுத்து. கிளம்பிவிட்டது! நான் துள்ளிக் குதித்தேன். சாமுவேல் சார் என் முதுகில் அறைந்து, “போடா கழுதை” என்றார். அதைவிட வேறென்ன பட்டம் வேண்டும்?

சாயபுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏரித் தண்ணீர் தெறித்து டிஸ்ட்ரிபியூட்டர் நனையக் கூடாது என்று, தானே குடோனுக்குள் போய்க் கன்றுத்தோல் ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்தார். குரோம் உப்பில் பதப்படுத்தி மதராஸுக்கு அனுப்ப வைத்திருந்த சரக்கு. கையில் எடுத்தால் வழுக்கும். எங்கள் ஊரில் எதற்கும் தோல்தான். பம்புக்கு வாஷர் தோல், கதவுக் கீலுக்குத் தோல், ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் தோல். டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அதன் வயர்களுக்கும் சேர்த்து அழகாக ஓர் உறை தைக்க வைத்தார், பக்கத்திலேயே உட்கார்ந்து. அதன் மேல் ‘புல்புல்’ என்று பூத்தையல். எல்லோரும் மாப்பிள்ளைக்குச் சட்டை போட்ட மாதிரி பார்த்து ரசித்தோம்.

போட்டிக்கு முந்தின வாரம் ஏரியில் வெள்ளோட்டம். சாயபு பட்டனை அழுத்தினார், கிளம்பியது. அம்பு மாதிரி போனது. பாதி ஏரியில் இருமியது. ஒரு சிலிண்டர் விட்டது, பிறகு இன்னொன்று, பிறகு நின்றேவிட்டது. மீன் பிடிக்கிறவர்களின் தோணியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். கரையில் அதே வாலாஜாக்காரர் குடை பிடித்துக்கொண்டு, “பாய், பாட்டரியில ஓடுதா, தோணியில ஓடுதா?” என்று கேட்டார். உறையைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெட்ரோலில் தண்ணீர் இல்லை. காயிலை மாற்றினோம், ஓடியது. பழைய காயிலைத் திரும்ப மாட்டினோம், அதுவும் ஓடியது! பாயிண்ட்டோடு சேர்த்து மாட்டுகிற கண்டென்சரும் அப்படித்தான். கரையில் எல்லாமே நல்ல சாமான். உறையை மாட்டித் தண்ணீரில் இறக்கினால் பாதி வழியில் இருமல்.

சாயபு முகம் சிவந்துவிட்டது. “ஏழுமலை, உன் பேச்சைக் கேட்டு நான் நாலு பேர் எதிர்ல தலை குனிஞ்சேன். வர வெள்ளிக்கிழமை இன்னொரு தபா பாப்போம். அன்னிக்கும் நின்னா மேக்னெட்டோ திரும்ப ஏறும். நீ திரும்பத் தொட்டிக்கு எறங்கு.”

சாமுவேல் சார் என்னைப் பார்த்து, “வண்டியில ஏறுங்க ஏழுமலை” என்றார். நீங்கள்! லாரியின் பின்பக்கம் படகோடு ஏறிக்கொண்டேன்.

விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மேக்னெட்டோவும் தெரியாது, காயிலும் தெரியாது. “டேய், தொட்டியில எம் பக்கத்துல நீ வந்து நின்னா நான் வேலைக்குப் போவ மாட்டேன். என்னால பாக்க முடியாது, சொல்லிட்டேன்” என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் அழுததில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, வெறி. இந்தப் படகு ஓடாமல் எங்கே போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு சாயபு ஏரிக்கு வந்தார். நான் படகுக்குள் எஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொண்டேன். இருமும்போது எது இருமுகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். படகு சீறிக் கிளம்பியது. தண்ணீர் சாரல் சாரலாக என் மேலும் எஞ்சின் மேலும் விழுந்தது. பாதி ஏரியில் ஒரு திருப்பம். நான் சறுக்கினேன். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் அந்தத் தோல் உறை மேல் கையை ஊன்றினேன்.

சுளீர்! தோள்பட்டை வரை கரண்ட் அடித்தது. என்னைத் தூக்கிப் பலகையில் போட்டது. அதே நேரம் எஞ்சின் இருமியது. நான் படுத்தபடியே சிரித்தேன்.

“இன்னாடா, பைத்தியம் புடிச்சுடுச்சா?” என்றார் சாயபு.

“கண்டுபுடிச்சுட்டேன் மொதலாளி!”

எஞ்சின் நின்றுவிட்டிருந்தது. உறையைக் கழற்றினேன். உள்ளே வியர்த்திருந்தது. என் பனியனைக் கழற்றி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் வயர்களையும் துடைத்தேன். “இப்போ அழுத்துங்க” என்றேன். அழுத்தினார். ஒரே அழுத்தில் எஞ்சின் முழங்கியது. தோணி இல்லாமல் நாங்களே கரைக்கு வந்தோம்.

கரையில்தான் சிக்கல். சாயபு உறையைக் கையில் எடுத்துக்கொண்டு, “செரி, ரிப்பேர் ஆயிடுச்சு இல்ல? இதைத் திரும்ப மாட்டு” என்றார்.

“வேணாம் மொதலாளி. குத்தமே அந்தத் தோல்லதான்.”

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். ஆம்பூரில் ஒரு முதலாளியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் சரக்கைக் குறை சொல்லக் கூடாது. அதிலும் வாலாஜாக்காரர் குடையை மடக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

“என் தோல்லியா குத்தம்?” என்றார் சாயபு. குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

நான் பின்வாங்கவில்லை. பின்வாங்கினால் தொட்டி. “தண்ணி பட்டா கரண்ட்டைக் குடிக்குது மொதலாளி. பொறி பிளக்குக்குப் போவாம தோல் வழியா எறங்கிடுது. என்னையே தூக்கி அடிச்சுது.”

சாமுவேல் சார் முன்னால் வந்தார். ஈர உறையை வாங்கித் திரும்ப மாட்டி, எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, உள்ளங்கையை உறை மேல் வைத்தார். உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. கையை எடுத்து, சட்டையைச் சரி செய்துகொண்டு, “பையன் சொல்றது சரிங்க மொதலாளி” என்றார்.

சாயபு என்ன செய்தார் தெரியுமா? எஞ்சினை அணைத்தார். உறையை உருவினார். அதன் உள்பக்கத்தை நாக்கால் நக்கிப் பார்த்தார். சிரிக்காதீர்கள். தோல் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அவர் முகம் மாறிவிட்டது. இன்னொரு தடவை நக்கினார். துப்பினார்.

“உப்பு நிக்குதே! கழுவவே இல்ல! யார்யா இந்த லாட்டைக் கழுவினது?”

பதப்படுத்திய தோலில் இருக்கும் உப்பு போக நன்றாகத் தண்ணீரில் அலச வேண்டும். யாரோ அவசரத்தில் கம்மியாக அலசிவிட்டார்கள். அந்தத் தோலில் ஷூ தைத்திருந்தால் கொஞ்ச நாளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். மதராஸுக்குப் போக வேண்டிய சரக்கு முழுவதும் அதே லாட். சாயபு அங்கிருந்தே ஆளை ஓட்டி, லோடு ஏற்றுவதை நிறுத்தச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, வாலாஜாக்காரருக்கும் கேட்கும்படி, “ஆமாம்பா, என் தோல்லதான் குத்தம். என் பேரு கெட இருந்துச்சு, நீ காப்பாத்தினே” என்றார். பெரிய மனுஷன். தப்பை நாலு பேர் எதிரில் ஒத்துக்கொள்கிற முதலாளியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நன்றாக அலசிய தோலில் வேறு உறை தைக்கலாமா என்று அவருக்கு ஒரு நப்பாசை. “நல்ல தோலும் தண்ணி குடிக்கும் மொதலாளி, மூடி வெச்சா உள்ள வேர்க்கும்” என்றார் சாமுவேல் சார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, சாரல் விழாமல் கூரை மாதிரி ஒன்று செய்தோம். கீழே திறப்பு, காற்று வந்து போகும். வயர் முனைகளுக்கு சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகினேன். “என் படகுல மண்ணெண்ணெய் டின்னா! பேஜாருப்பா!” என்று சாயபு புலம்பினார். ஆனாலும் மாட்ட விட்டார்.

போட்டியன்று ஏரிக்கரை முழுக்க ஜனம். குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். துண்டை ஆட்டினார்கள். சாயபு பட்டனை அழுத்தினார். வாலாஜாக்காரர் கைப்பிடியை முதல் சுற்று சுற்றி முடிப்பதற்குள் புல்புல் மூக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மதகு வரை போய்த் திரும்ப வேண்டும். அவர் படகும் லேசுப்பட்டதில்லை, நேர் ஓட்டத்தில் நெருங்கிக்கொண்டே வந்தது. நான் முழங்கால் வரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். மதகுத் திருப்பத்தில் புல்புல் மேல் சாரல் வெள்ளமாக விழுந்தது. இருமுமா? இருமவில்லை! குரல்கூட மாறவில்லை! சாயபு தொப்பி காற்றில் பறந்துபோக, அதைத் திரும்பியும் பார்க்காமல் வந்து கரையைத் தொட்டார். நான் சேற்றில் விழுந்து புரண்டேன். சாமுவேல் சார் என்னைக் காலரைப் பிடித்துத் தூக்கி, தன் காக்கி முழுக்கச் சேறாக, கட்டிக்கொண்டார். “டேய், டேய், டேய்” என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

பிரியாணியைப் பற்றி எழுதப்போவதில்லை. சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை அப்பா என்னோடு ஷாப்புக்குக் கிளம்பினார். அதுவரை அவர் என்னோடு சேர்ந்து கேட்டுக்குள் நுழைந்ததே கிடையாது. தொட்டியிலிருந்து வந்தவன் என்று வொர்க்ஷாப்காரர்களுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று அவருக்குப் பயம், முன்னாலேயே போய்விடுவார். அன்றைக்குக் கூடவே நடந்தார். தொட்டிப் பக்கம் திரும்பாமல் நேரே வொர்க்ஷாப் முற்றத்துக்கு வந்து, சாமுவேல் சாருக்கு எதிரில் நின்றார். படகு திரும்ப வந்து தாங்குகட்டை மேல் இருந்தது.

“சார், எம் புள்ள செஞ்சதை நான் பாக்கவே இல்ல. ஏரிக்கு வர முடியல. ஒரு தபா ஓட்டிக் காட்டுவீங்களா?”

சாமுவேல் சார் தண்ணீர்க் குழாயை மாட்டச் சொன்னார். நான் பட்டன் பக்கம் போனேன். “நீ தள்ளுடா. பெரியவரு அழுத்தட்டும்” என்றார்.

சாயபு வேறு அந்த நேரம் பார்த்து உள்ளே வந்துவிட்டார். அப்பா தயங்கினார். சாயபு, “அழுத்துய்யா” என்றார். அப்பா வெந்துபோன விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அழுத்தினார். ஒரே அழுத்து. எஞ்சின் போட்ட சத்தத்தில் தொட்டிப் பக்கத்திலிருந்து அத்தனை பேரும் ஈரக்கையோடு ஓடிவந்தார்கள். அப்பா வாயெல்லாம் பல்லாக அவர்களைப் பார்த்து, “எம் பையன் வெச்ச கரண்ட்டு!” என்று எஞ்சினைவிடச் சத்தமாகக் கத்தினார்.

நான் எஞ்சினை அணைத்தேன். அப்பா முதலாளியைப் பார்த்தார், போர்மேனைப் பார்த்தார், பிறகு யாரையும் கேட்காமலே திரும்பவும் அழுத்தினார்.